இருபத்தேழாம் போர்ட்டின் ஏழு தலைமுறை

ஒன்பதாவது முறையாக மாக்பல் அந்த டேக்கை ஒட்டினாள். 'அவசரம். அணைக்கக் கூடாது.' என்டரைத் தட்டிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தாள்.

நான்கு நொடி நின்றது. ஐந்தாவது நொடியில் ஈரத்துணியால் துடைத்ததுபோல் மறைந்தது. பழைய டேக் திரும்பி வந்து அதே இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

அநாதை.

மணி இரண்டு பத்து. அநாதைகளுக்குக் கொடுத்த கெடு மாலை ஆறு மணிக்கு முடிகிறது; அதோடு அத்தனையும் அணைக்கப்படும்.

சரிதோபே அரசுத் தரவு மையத்தில் பதினாறாயிரம் போர்ட்டுகள் இருக்கின்றன. கேபிளின் தலையைச் செருகும் ஓட்டைக்குத்தான் அந்தப் பெயர். அவற்றில் பதினைந்தாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதைப் பற்றி நமக்குக் கவலை இல்லை. மீதமுள்ள ஒன்று, தேநீர் சமோவாருக்குப் பக்கத்துச் சுவரில், எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளத்தின்போது யாரோ அவசரமாக ஆணியடித்து மாட்டிய நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டியில் இருந்தது. இருபத்தேழாம் போர்ட். அதிலிருந்து கிளம்பும் கேபிள் பனிக்கடியில் நூற்று நாற்பது கிலோமீட்டர் ஓடி, தால்திசாய் பள்ளத்தாக்கின் முதலுதவி நிலையத்தில் ஒரு டெலிபோனில் முடிகிறது.

அந்த டெலிபோனைக் காலையிலிருந்து காதோடு பிடித்துக்கொண்டிருந்தாள் குல்ஷிரா என்ற செவிலி. கட்டிலில் அயிம்கான் என்ற இளம்பெண். பிரசவ வலி. குழந்தை குறுக்கே கிடந்தது. பனிப்புயல் சாலையை மூடிவிட்டது. செல்போன் கோபுரத்தை முந்தின நாளே சாய்த்துவிட்டது. நகர ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லச் சொல்ல, குல்ஷிரா செய்துகொண்டிருந்தாள். இருவருக்கும் நடுவே இருந்தது அந்த ஒரே ஓட்டை.

அதைத்தான் 'ஷெஜிரே' அணைக்கப்போகிறது.

ஷெஜிரே என்றால் வம்சாவளிப் புத்தகம். இந்த ஊரில் பேச்சு வந்த எந்தப் பிள்ளையும் தந்தைவழியில் ஏழு பெயர்களைக் கடகடவென்று ஒப்பிக்கும். ஏழுக்குள் ஒரு பெயர் பொதுவாக வந்துவிட்டால் அந்த வீட்டில் பெண் எடுப்பதில்லை, கொடுப்பதுமில்லை. மனிதர்களுக்கு இருந்த இந்த ஒழுங்கை இயந்திரங்களுக்கும் கொண்டுவந்தவர் மையத்தின் தலைவர் துலேகென் ஜுனூசோவிச். பதினாறாயிரம் போர்ட்டுக்கும் கையால் டேக் ஒட்டினால் ஆயுள் போதாது என்று ஒரு தானியங்கி நிரலை எழுதச் சொல்லி, அதற்கு இந்தப் பெயரையும் வைத்தார். ஒவ்வொரு போர்ட்டும் தன் ஏழு தலைமுறையைச் சொல்ல வேண்டும்: அட்டை, பெட்டி, ரேக், வரிசை, கூடம், கட்டடம், உரிமையுள்ள துறை. ஒன்று குறைந்தாலும் அநாதை. ஷெஜிரே டேக்குகளை நொடிக்கு நொடி பார்க்கும். தண்டனையை மணிக்கு ஒருமுறை நிறைவேற்றும்.

நவம்பரில் அது முதன்முதலாக ஓடியபோதே தன் நேர்மையைக் காட்டிவிட்டது. ஒரே வம்சத்துப் போர்ட்டுகளைக் கேபிளால் இணைக்கக் கூடாது என்பது விதி. கட்டடம் ஒன்றே ஆகையால் எல்லாப் போர்ட்டும் எல்லாப் போர்ட்டுக்கும் பங்காளி. காலை பத்து மணிக்கு ஆயிரத்து நூறு இணைப்புகளை ஷெஜிரே முறைகேடான திருமணம் என்று ரத்து செய்தது. மாவட்டம் முழுக்க இரண்டு நாள் பிறப்பும் பதிவாகவில்லை, இறப்பும் பதிவாகவில்லை. விதியை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை. கட்டடத்தை மாற்றினார்கள். இரண்டாம் கூடத்துக்குத் தனித் தெரு, தனிக் கதவு எண், தனி வாசல் சீட்டு. அன்று முதல் தபால்காரர் முதல் கூடத்திலிருந்து வெளியே வந்து, கட்டடத்தைச் சுற்றி நடந்து, இரண்டாம் கூடத்துக்குள் போகிறார்.

இருபத்தேழாம் போர்ட்டின் கதை அதைவிடச் சிக்கல். அட்டை இருந்தது. பெட்டி இருந்தது. அதற்கு மேல், பெட்டியை மாட்டும் இரும்புச் சட்டமான ரேக் இல்லை. சுவர்தான் இருந்தது.

மையத்தின் லைன்களைப் பார்த்துக்கொள்ளும் மாக்பல் டேக் பிரிவுக்கு ஓடினாள்.

அங்கே கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் சவுரேஷ் அக்கா இருந்தாள். மையத்தின் அநாதைப் பொருள்களில் ஒரு பிரிண்டரை அவள் தத்தெடுத்திருந்தாள். அதற்குக் கையால் பின்னிய கம்பளி உறையும் போட்டிருந்தாள். மாக்பல் நீட்டிய விண்ணப்பத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். விண்ணப்பத்துக்கு டேக் எங்கே என்று கேட்டாள். டேக் வேண்டும் என்பதற்குத்தானே விண்ணப்பம் என்றாள் மாக்பல். அது சரிதான், ஆனால் டேக் இல்லாத விண்ணப்பத்தை ஷெஜிரே படிக்காது என்று சவுரேஷ் வருத்தத்தோடு சொன்னாள். வருத்தம் உண்மையானது. அவளால் தர முடிந்ததும் அது ஒன்றுதான்.

ரேக் என்ற கட்டத்தில் 'சுவர்' என்று போட முடியாதா? முடியாது. சுவர் நெட்வொர்க் பொருள் இல்லை. பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றி ஒரு ரேக்கில் மாட்டிவிட்டால்? மாட்டலாம். அதற்கு இடமாற்ற அனுமதி வேண்டும். ஏழு டேக்கும் முழுதாக உள்ள பொருளுக்குத்தான் இடமாற்ற அனுமதி.

"எதுக்கு ஜானிம், கண்ணு, இவ்வளவு அலையற?" என்றாள் சவுரேஷ், குரலைத் தாழ்த்தி. "நாற்பத்தொண்ணாம் விதி இருக்கே. ஊழியர் யாராவது அநாதைப் பொருளைத் தன் வம்சத்துல தத்தெடுக்கலாம். சாட்சி முன்னால ஏழு அப்பன் பேரை வாயால சொல்லணும், நான் டைப் அடிச்சுக்குவேன், ரெண்டு நிமிஷம். ஆளுக்கு ஒண்ணுதான். மொத்தம் எரநூத்திப் பதினாலு பேர். எரநூத்திப் பதிமூணு பேர் எடுத்தாச்சு. மீதி ஒரே ஒரு ஆள். யார் தெரியுமா?"

மாக்பலுக்குத் தெரியும். மூன்று மாதமாகத் தத்தெடுப்பு நாள் வரும்போதெல்லாம் அவளுக்குப் பல் வலித்தது.

"வேற வழி ஏதாவது இருக்கா அக்கா?"

"இதைவிடச் சுலபமா வேற என்ன வழி வேணும் உனக்கு? உன் தாத்தாக்களைச் சொல்றதுக்குக்கூடவா சிபாரிசு தேடுற?"

தலைவரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மாக்பல் நழுவினாள்.

நடைவழியில் செய்த்ஜான் ஏணி மேல் உட்கார்ந்து கேபிள்களைக் கட்டிக்கொண்டிருந்தான். இருபது வருடமாக அங்கே கேபிள் இழுக்கிறவன். எதையும் சிரிக்காமல் சொல்லத் தெரிந்தவன்.

"செய்த்ஜான் அண்ணே, உங்க தத்தெடுப்பை ரத்து பண்ணிட்டு இருபத்தேழை எடுத்துக்க முடியுமா?"

"எடுத்துக்கலாம். அப்புறம் துணைத் தலைவரோட நீராவிக் குளியலறைச் சூடுமானி அநாதை ஆயிடும். ஏழு தலைமுறையா எங்க ஆளுங்க குதிரை மேய்ச்சாங்க. இப்ப ஏழு பேரும் குளியலறை வாசல்ல துண்டோட நிக்கிறாங்க." ஏணியிலிருந்து குனிந்து அவள் முகத்தைப் பார்த்தான். "நீ ஏன் எடுக்கல?"

அவள் பேச்சை மாற்றினாள். ஷெஜிரே ஓடும் கணினியின் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டால் என்ன? செய்த்ஜான் யோசித்தான். பிடுங்கலாம். ஆனால் அந்தக் கணினி இரண்டாம் கூடத்தில் இருக்கிறது. இரண்டாம் கூடம் இப்போது வேறு தெரு. வாசல் சீட்டுக்கு மூன்று வேலை நாள் ஆகும். நிரலை நிறுத்தும் கடவுச்சொல்லோ அதை எழுதியவரிடம் மட்டுமே இருக்கிறது. அவர் தலைநகரத்தில் ஒரு கல்யாணத்தில் இருக்கிறார். போனை மேளக்காரர் எடுத்தார்.

மணி மூன்று நாற்பது.

தலைவர் துலேகென் ஜுனூசோவிச்சின் அறையில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. மாலை ஐந்தேமுக்காலுக்கு மாநிலக் குழு வருகிறது. 'முன்மாதிரி டேக் மையம்' என்ற கேடயம் தரலாமா வேண்டாமா என்று பார்க்க. வாசல் கூடத்தில் அதற்காகவே சுவரளவு திரை ஒன்று. அதில் ஒரே வரி: 'அநாதைகள்: 1'. அந்தத் திரையும் முதலில் அநாதையாகத்தான் இருந்தது. அவசரத்தில் அதையும் சமோவார் பக்கத்துப் பெட்டியில்தான் செருகியிருந்தார்கள். தலைவர் தாமே அதைத் தத்தெடுத்துக் காப்பாற்றினார்.

மாக்பல் உள்ளே போனபோது அவர் கண்ணாடி முன் நின்று கழுத்துப்பட்டையைச் சரிசெய்தபடி, திங்கட்கிழமைக் கூட்டங்களில் எப்போதும் தொடங்குவதுபோல் தொடங்கியிருந்தார்.

"என் பேர் துலேகென். என் தந்தை ஜுனூஸ். அவர் தந்தை பைமுரத். அவர் தந்தை கோஷ்கர். அவர் தந்தை எசெங்கெல்தி. அவர் தந்தை சகின்திக். அவர் தந்தை மாம்பெத். அவர் தந்தை போலாத். என்னைத் தெரிஞ்சுக்க இது போதும்." கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "என்ன மாக்பல் சமத்கிசி?"

தந்தை பெயரைச் சேர்த்து அழைத்தால் அவள் தோள் எப்போதும் ஒரு விரற்கடை உயரும். இப்போதும் உயர்ந்தது.

"ஐயா, தால்திசாய்ல ஒரு பொண்ணு பிரசவ வலியில இருக்கு. அந்த லைன்..."

"அந்தப் பொண்ணு நம்ம பட்டியல்ல இருக்கா?"

"இல்லைங்கய்யா."

"அப்ப எப்படி நான் முடிவெடுக்க முடியும்? பட்டியல்ல இல்லாததைப் பத்தி முடிவெடுத்தா அது அதிகார துஷ்பிரயோகம்." அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கோபப்படவில்லை. பாடம் சொல்லும் குரலில்தான் பேசினார். "நான் வந்தப்ப இந்த மையத்துல என்ன இருந்துச்சு? வேலை மட்டும்தான் இருந்துச்சு. ஒரு டேக் கிடையாது. யார் எதைச் செய்யறாங்கன்னே தெரியாது, ஆனா எல்லாம் நடந்துக்கிட்டிருந்துச்சு. எவ்வளவு ஆபத்து பாருங்க. இன்னிக்கு ஏதாவது நடக்கலைன்னா, எது நடக்கலைங்கிறதைத் துல்லியமா சொல்ல முடியும்."

ஒரே ஒரு மணிநேரம் விலக்கு கேட்டாள்.

"ஷெஜிரேவை நூறு தடவை ஓட்டினாலும் முதல் தடவை செஞ்சதைத்தான் திரும்பச் செய்யும். சுத்தி என்ன மாறினாலும் அது மாறாது. அதனாலதான் அது உயர்ந்த நிரல். நானும் அப்படித்தான், அதனாலதான் பதினோரு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். நீங்க தத்தெடுங்க. விஷயம் முடிஞ்சுது. குழு முன்னாலயே வெச்சுக்கலாம், பார்க்க நல்லா இருக்கும்."

அவள் வெளியே வந்தாள். அதற்குப் பிறகு ஒன்றரை மணிநேரத்தில் அவள் ஏறாத படி இல்லை. சட்டப் பிரிவில், போர்ட்டை யாராவது பரிசாக வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். பரிசு கொடுப்பவர் உரிமையாளராக இருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். போர்ட் எங்களுடையது அல்ல, குரல் மட்டும்தான் எங்களுடையது என்றார்கள். பாதுகாப்புப் பிரிவில், போர்ட்டைக் காணவில்லை என்று புகார் எழுதிக் கொடுத்தால் தேடும் வரை அணைக்க மாட்டார்கள் என்று ஒருவர் நல்ல யோசனை சொன்னார். எழுதினாள். பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார்கள். பாதுகாப்புப் பிரிவு அந்த வருடத்தில் கண்டுபிடித்த முதல் பொருள் அது. கையெழுத்து வாங்கிக்கொண்டு கை குலுக்கினார்கள்.

ஐந்து நாற்பத்தைந்துக்கு அவள் சமோவார் பக்கத்தில் நின்றாள். பெட்டியில் இருபத்தேழாவது பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. லைனைப் பரிசோதிக்கும் ரிசீவரை அதில் மாட்டிக் காதில் வைத்தாள். காற்று ஊளையிட்டது. அதற்குள்ளிருந்து குல்ஷிராவின் குரல் வந்தது.

"மாக்பல் அக்காவா? டாக்டர் கையை உள்ள விட்டுத் திருப்பணும்கிறார். எனக்கு இதுதான் முதல் தடவை. அவர் ஒவ்வொண்ணா சொல்லச் சொல்லத்தான் செய்ய முடியும். இன்னும் முக்கால் மணி நேரம் ஆகுமாம். ஆறு மணிக்கு லைன்ல ஏதோ வேலை இருக்குன்னீங்களே, அது இல்லதானே?"

மாக்பல் பச்சை விளக்கைப் பார்த்தாள்.

"இல்ல," என்றாள். "நீ உன் வேலையைப் பாரு."

ரிசீவரைக் கழற்றாமல், நீண்ட வயரோடு அதை மார்போடு அணைத்தபடி வாசல் கூடத்துக்கு நடந்தாள். வயர் சரியாக அங்கே வரைதான் எட்டியது.

மாநிலக் குழு வந்திருந்தது. குழுத் தலைவர் ஒராஸ்பாய் பெரியவர், நரித்தோல் தொப்பியில் பனி உருகிச் சொட்டச் சொட்ட, தட்டிலிருந்த, எண்ணெயில் பொரித்த பவுர்சாக் உருண்டைகளைத் தின்றுகொண்டிருந்தார். இருநூற்றுப் பதின்மூன்று ஊழியர்களும் வரிசையில் நின்றார்கள். சுவரளவு திரை எல்லோர் தலைக்கும் மேல் ஒளிர்ந்தது. அநாதைகள்: 1.

மணி ஐந்து ஐம்பத்தாறு.

"இதோ," என்றார் துலேகென் ஜுனூசோவிச், கையை விரித்து. "கடைசி அநாதைக்கு இன்னிக்கு உங்க முன்னாலதான் குடும்பம் கிடைக்கப்போகுது. மாக்பல் சமத்கிசி, சொல்லுங்க."

சவுரேஷ் விசைப்பலகையில் விரலை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்துத் தலையசைத்தாள். செய்த்ஜான் ஏணியிலிருந்து இறங்கி வந்து நின்றான். ரிசீவரிலிருந்து, மாக்பலுக்கு மட்டும் கேட்கும் அளவில், டாக்டரின் குரல் எறும்பு ஊர்வதுபோல் ஊர்ந்தது. மெதுவா. மெதுவா.

மாக்பல் கண்களை மூடிக்கொண்டாள்.

"என் தந்தை சமத்," என்றாள். சவுரேஷ் அடித்தாள்.

அடுத்த பெயர் வரவில்லை. ஐந்து ஐம்பத்தேழு ஆயிற்று. இருநூற்றுப் பதின்மூன்று பேரும் அவள் உதட்டைப் பார்த்தார்கள். தன் பேரப்பிள்ளைக்கு எடுத்துக் கொடுப்பதுபோல் ஒராஸ்பாய் பெரியவர் தலையை முன்னால் நீட்டி, "ம்?" என்றார்.

"அவர் தந்தை ஜுனூஸ்," என்றாள் மாக்பல். பிறகு நிற்கவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் கேட்கிற அதே ஏற்ற இறக்கத்தில், அதே இடத்தில் மூச்சு வாங்கி, சொல்லிக்கொண்டே போனாள். "அவர் தந்தை பைமுரத். அவர் தந்தை கோஷ்கர். அவர் தந்தை எசெங்கெல்தி. அவர் தந்தை சகின்திக். அவர் தந்தை மாம்பெத்."

ஏழு ஆகிவிட்டது. போலாத் என்ற பெரியவர் மட்டும் இடமில்லாமல் வெளியே நின்றுவிட்டார்.

சவுரேஷின் விரல் கடைசி விசை மேல் தயங்கியது. தலைவரைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். அமுக்கினாள்.

அநாதைகள்: 0.

கைதட்டல் கூரையை எட்டியது. அது அடங்கும் முன்பே ஒராஸ்பாய் பெரியவர் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலைவரின் தோளைப் பிடித்தார்.

"துலேகே, ஜுனூசும் பைமுரத்தும் உங்க அப்பா, தாத்தால்ல? அப்ப சமத் உங்க தம்பி. இந்தப் பொண்ணு உங்க தம்பி பொண்ணு. ஏன்யா இவ்வளவு நாளா வெளிய சொல்லல?"

துலேகென் ஜுனூசோவிச் கணக்குப் போட்டார். இல்லை என்று சொன்னால் திரையில் சைபர் மறுபடி ஒன்றாகும், கேடயம் வந்த வண்டியிலேயே திரும்பிப் போகும். ஆமாம் என்று சொன்னால் சொந்தக்காரியை வேலையில் வைத்திருப்பதாக ஆகும். அவர் திரையைப் பார்த்தார். கேடயத்தைப் பார்த்தார். மூன்று நொடியில், பதினோரு வருடம் அதே நாற்காலியில் இருந்தவருக்குரிய முடிவை எடுத்தார்.

"ஆமா," என்றார். "தம்பி பொண்ணுதான். உத்தியோகத்துல பாசம் குறுக்க வரக் கூடாதுன்னு இத்தனை வருஷமா நான் அவகிட்ட ஒரு வார்த்தை அன்பாப் பேசினதில்ல."

ஒராஸ்பாய் பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை நேர்மைக்கு எடுத்துக்காட்டு என்று குறித்துக்கொண்டார். மணி ஆறு அடித்தது. ஷெஜிரே ஓடியது. அணைக்க ஒன்றும் இல்லாமல் திரும்பிப் போனது. மாக்பலின் ரிசீவரில் டாக்டரின் குரல் இருந்தது. மெதுவா. அப்படித்தான். இன்னும் கொஞ்சம்.

சவுரேஷ் பவுர்சாக் தட்டோடு வருவதுபோல் அருகில் வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"ஜானிம், புதுத் தத்துகளுக்கு ஏழு மணி ஓட்டத்துல வம்ச சோதனை இருக்கு. அந்தத் திரை தலைவரோட தத்து. இருபத்தேழு இப்ப உன் தத்து. ரெண்டும் ஒரே பெட்டியில இணைஞ்சிருக்கு, ரெண்டும் ஒரே வம்சம். முறைகேடுன்னு ரெண்டையுமே அறுத்துடும். என்னால நிறுத்த முடியாது. யாராலயும் முடியாது."

மாக்பல் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு நான்கு. குல்ஷிரா கேட்டது ஆறரை வரைக்கும். ஏழுக்குப் பிறகு தால்திசாயில் யாருக்கு எது வந்தாலும் இந்தக் கேபிள் பனிக்கடியில் வெறும் கயிறு. நாளைக்கும் புயல் என்று வானிலை சொல்லியிருந்தது.

அவள் சமோவார் பக்கம் திரும்பி நடந்தாள். பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. பின்னாலேயே காலடிச் சத்தம் வந்தது. தலைவர். கையில் கேடயம், முகத்தில் குழுவுக்காக ஒட்டிய சிரிப்பு இன்னும் உரியாமல்.

"எனக்கு சமத்னு தம்பி கிடையாது," என்றார் பல்லுக்கிடையில். "அண்ணனும் கிடையாது. என் தாத்தாக்களை எடுத்து உன் வாயில போட்டுக்கிட்ட, அது இருக்கட்டும். யார் அந்த சமத்?"

மாக்பல் ரிசீவரின் வாயைக் கையால் பொத்தினாள்.

"எங்க இல்லத்துல கொதிகலனுக்குக் கரி போட்டவருங்கய்யா."

"எந்த இல்லம்?"

"குழந்தைகள் இல்லம். ஒரு ஜனவரி மாசம் விடியக்காலை கரி அள்ளப் போனவர், கொட்டகை வாசல்ல துணியில சுத்திக் கிடந்த என்னைப் பார்த்தாராம். பதிவேட்டுல தந்தை பேர்ங்கிற கட்டத்தை வெறுமையா விட்டா மேலிடத்துல திருப்பி அனுப்பிடுவாங்கன்னு, தூக்கிட்டு வந்தவர் பேரையே எழுதிட்டாங்க. அதுக்கு மேல எனக்கு யாரும் கிடையாது. வரிசையா ஆறு பேர் பேரை நான் கேட்டது உங்க வாயால மட்டும்தான்."